அடிப்படை ஆண்டு

எரிந்ததை எண்ணுவது வேறொருத்தி.
கொதிகலன், விசையாழி, சரக்கு வண்டி
எல்லாம் அடுத்த மேசை பெய் லிங்குக்கு.
எனக்கு வாய்த்தது எரியாமலே போனது:
சிலிக்கான் தகட்டைச் செதுக்கி முடித்த வாயுவின் மிச்சம்.
நிறமில்லை, மணமில்லை.
உட்லண்ட்ஸில் துணி உலர்த்தும் எவரும்
அதைக் கண்டு மூங்கிலை உள்ளே இழுத்ததில்லை.

ஒரு கிலோவை
ஆறாயிரத்துச் சொச்சத்தால் பெருக்கவேண்டும்.
அந்தச் சொச்சமும் அவ்வப்போது மாறும்.
மாறினால், முடிந்துபோன ஆண்டுகள் அத்தனையும்
மறுபடி எழுந்து வரிசையில் நிற்கவேண்டும்
பள்ளியில் எடை பார்க்கும் நாள்போல.

இருபத்தெட்டு ஆண்டு.
ஒரே கோடு.
வெள்ளிக்கிழமைக்குள்.

கோடு எளிதாகத்தான் வந்தது.
ஆலை திறந்த ஆண்டில் தரையோடு தவழ்ந்து,
கைபேசிகள் மெலிய மெலியத் தான் பருத்து,
ஒரு நெருக்கடிக்குச் சற்றே குனிந்து, நிமிர்ந்து,
இப்போது ஆறு ஆண்டாய்
இறங்குவதுபோல் ஒரு பாவனை.

2003இல் மட்டும் ஓட்டை.
ஏப்ரல், மே, ஜூன்.
பதிவேட்டில் தாள் உண்டு, கட்டம் உண்டு, மை இல்லை.
முன்னதையும் பின்னதையும் கூட்டி இரண்டால் வகுத்து
நடுவில் ஒட்டலாம், விதியில் இடமிருக்கிறது.
ஒட்டினேன்.
பல் கட்டியவர் சிரிப்பைப்போல
வரிசை ஒழுங்காக இருந்தது,
அந்த ஒழுங்குதான் உறுத்தியது.

அன்று இரவுப்பணிக்குப் பொறுப்பாயிருந்த ஜுரைமி
இன்று வாடகை வண்டி ஓட்டுகிறார்.
மார்சிலிங் காப்பிக்கடையில் பிடித்தேன்.
தே-ஓ ஆறும்வரை வாய் திறக்கவில்லை.

"அந்த மூன்று மாதமா?
வாசலில் நெற்றிச் சூடு பார்த்து உள்ளே விட்ட நேரம்.
வாயுவைச் சுட்டு முறிக்கும் பெட்டி படுத்துவிட்டது.
சரிசெய்பவர் தைப்பேயில்.
விமானம் இல்லை.
தகடு ஓடுவதை நிறுத்தச் சொல்லவில்லை யாரும்.
எழுதவும் சொல்லவில்லை.
குழாயை நேரே கூரைக்குத் திருப்பினோம்.
நானே மேலே ஏறிப் பார்த்தேன்,
ஒன்றுமே தெரியவில்லை.
ஊர் அடங்கிக் கிடந்ததா,
அதிசயமாய் நட்சத்திரம் தெரிந்தது."

உருளைகள் வாங்கிய ரசீதுகளைக்
கிடங்கில் தேடி எடுத்தேன்.
வாங்கியதில் முறிந்தது போக
முறியாதது இவ்வளவு.
கட்டிய பல்லைப் பிடுங்கினேன்.
கோட்டின் நடுவே
2003 ஒட்டகத்தின் முதுகாய் எழுந்து நின்றது.

திட்டு விழும் என்றுதான் கொண்டுபோனேன்.
திருவாட்டி இயோ கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்,
தகடு ஒன்றுக்கு என்று வகுத்தார்.
பிறகு சிரித்தார்.
நிறுவனத்தின் அடிப்படை ஆண்டு அதுதானே,
எல்லா இறக்கமும் அங்கிருந்துதானே அளக்கிறோம்.
நேற்றுவரை பத்தொன்பது விழுக்காடு குறைத்திருந்தோம்,
இன்று காலை முதல் முப்பத்தொன்று.
"நல்ல வேலை, குமுதவல்லி.
அட்டைப்படத்துக்குப் பக்கத்திலேயே போடலாம்."

இருபது ஆண்டுக்கு முந்தைய ஒரு பிழை
என் கையால் சாதனையாகிவிட்டது.
மறுக்க ஒரு எண்கூட இல்லை என்னிடம்.
எல்லாம் சரி. நானே மும்முறை சரிபார்த்தது.

அன்றிரவு ஜுரைமியின் தொப்பிக்கு மேலே ஏறிப் போனது
இன்னும் போய்ச் சேரவில்லை.
ஆயுள் அதற்கு ஐம்பதாயிரம் ஆண்டு.
இந்தத் தீவுக்குச் சிங்கத்தின் பெயர் வந்து
ஆயிரம்கூட ஆகவில்லை.

வியாழன் மாலை, எல்லாரும் ரயிலுக்குப் போனபின்,
அடிக்குறிப்பு ஒன்று சேர்த்தேன்:
மூன்று மாதம், முறிப்புப் பெட்டி பழுது, வாய்மொழிச் சான்று.
பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்து.
தன் பெயர் வேண்டாம் என்று அவர் கேட்டிருந்தார்.
போடவில்லை.
2003இன் தலைக்கு மேல்
ஒரே ஒரு நட்சத்திரக் குறி மட்டும் இட்டேன்.